அந்தப் புள்ளிகள் பற்றி, நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வழக்கமாக நான் உங்களுக்கு எழுதுவது புது வரவு வந்திருக்கிறது, பிரேம் போட இன்னும் நாலு நாள் ஆகும் என்கிற மாதிரி இரண்டு வரிதான். இந்த முறை கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் உங்களில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். போன மாதம் நம்மிடம் ஒரு பழைய பின்அப் (சுவரில் மாட்டுவதற்கென்றே வரைந்த கவர்ச்சிப் பெண் படம்) காலண்டர் படம் வாங்கிய ஒருவர், கைப்பேசியில் ஒரு சின்ன லென்ஸை மாட்டி அதைப் பெரிதாக்கிப் படமெடுத்து, "பாருங்கள், முழுக்கப் புள்ளி, கம்ப்யூட்டரில் அடித்ததை 1940களின் அசல் என்று தலையில் கட்டுகிறார்கள்" என்று எழுதிவிட்டார். அது கைமாறிக் கைமாறி, பத்து வருடமாக நம்மிடம் வாங்குகிறவர்களே "என்ன அண்ணே, உண்மையா?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. கேட்டவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. கேட்காமலே நம்பிவிட்டவர்களை நினைத்தால்தான் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

சரி, புள்ளிக்கு வருகிறேன். புள்ளி இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும்! அந்தக் காலண்டர்கள் கையால் வரைந்து கொடுக்கப்பட்டவை அல்ல, அச்சகத்தில் ஆயிரக்கணக்கில் ஓடியவை. ஓவியர் ஒரே ஒரு தடவை கான்வாஸில் தீட்டுவார், அதைப் படமெடுத்து நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நிறம் பிரித்து, ஒவ்வொரு நிறத்தையும் சின்னச் சின்னப் புள்ளிகளாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடிப்பார்கள். நான்கு நிறப் புள்ளிகளும் நான்கு சாய்வில் விழுவதால், லென்ஸ் வழியாகப் பார்த்தால் குட்டிக் குட்டி ரோஜாப் பூ அடுக்கிய மாதிரி ஒரு ஒழுங்கு தெரியும். தூரத்தில் பார்த்தால் கன்னத்துச் சிவப்பு, கிட்டே போனால் பூ வரிசை. வீட்டு இங்க்ஜெட்டில் அடித்த நகலில் இந்த ஒழுங்கு கிடையாது, மணலைத் தூவிய மாதிரி சிதறிக் கிடக்கும். பழைய அச்சையே ஸ்கேன் செய்து மறுபடி அச்சடித்திருந்தாலோ புள்ளிமேல் புள்ளி விழுந்து, பட்டுத்துணியில் ஓடும் அலை மாதிரி ஒரு நெளிவு வந்துவிடும். அவர் வெளியிட்ட படத்தை நானும் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் இருப்பது ரோஜாப் பூ. மணலும் இல்லை, அலையும் இல்லை.

புள்ளி இருந்தாலே பழசு என்று நான் சொல்லவரவில்லை. 1990களில் ஆஃப்செட்டில் அடித்த மறுபதிப்பிலும் அதே பூ இருக்கும். அதனால்தான் லென்ஸோடு நிறுத்தாமல், இருட்டில் புற ஊதா விளக்கைப் பிடித்துப் பார்க்கிறோம். காகிதத்தை வெள்ளை வெளேரென்று காட்டுவதற்கான ரசாயனம் 1950வாக்கில்தான் பரவலாகக் கலக்கத் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய தாள் அந்த வெளிச்சத்தில் மங்கிக் கிடக்கும், பிந்தைய தாள் நீல வெள்ளையாகப் பளீரென்று எரியும். 1940களின் படம் என்று சொல்லப்படும் தாள் இப்படி எரிந்தால் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். இத்தனை நாள் இந்த வேலையை நம்மிடம் செய்துவந்த தம்பி நான்கு மாதத்துக்கு முன்னால் வேறு வேலைக்குப் போய்விட்டார். நல்ல கண், நல்ல பொறுமை. அவர் போனபிறகு வந்த ஒரு கட்டுக்குள் இருந்த மூன்று தாள்கள் விளக்குக்குப் போகாமலே வெளியே போயிருக்கின்றன, அவற்றை வாங்கியவர்களுக்குத் தனியாக எழுதிப் பணம் திருப்பியாகிவிட்டது. புகார் சொன்னவரின் படம் அந்த மூன்றில் ஒன்று அல்ல என்பதை மட்டும் இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு குற்றச்சாட்டும் இதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. "ஓவியர் பெயரைக்கூட ஒழுங்காகப் போடத் தெரியாத போலி" என்று. அவர் சொல்வது எஸ்கொயர் என்ற அமெரிக்க ஆண்கள் பத்திரிகையிலிருந்து எடுத்த, 'வார்கா' என்று பெயர் போட்ட ஒரு தாளை. ஐயா, அது எழுத்துப்பிழை இல்லை. பெருவில் பிறந்த ஓவியர் ஆல்பெர்டோ வார்காஸ் 1940இல் அந்தப் பத்திரிகைக்கு வரையத் தொடங்கியபோது, அவர்களே பெயரின் கடைசி 'ஸ்'ஸை வெட்டிவிட்டு 'வார்கா பெண்' என்று வெளியிட்டார்கள். பிறகு இரண்டு தரப்புக்கும் மனத்தாங்கலாகி வழக்குக்குப் போனபோது அந்தப் பெயரும் பத்திரிகையின் பக்கமே போய்விட்டது, மனிதர் தன் பெயரின் ஒரு துண்டையே வெளியில் விட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று. ஆக அந்தக் காலத்து எஸ்கொயர் தாளில் 'வார்காஸ்' என்று முழுசாக இருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன்.

அப்புறம் 'அசல்' என்கிற சொல். இதில் என் பக்கமும் கொஞ்சம் தப்பு உண்டு. நாங்கள் அசல் என்று போடும்போது, அந்தக் காலத்திலேயே அச்சான தாள் என்ற பொருளில்தான் போடுகிறோம், வாங்குகிறவர்களில் சிலர் ஓவியரின் கைபட்ட கான்வாஸ் என்று நினைத்துவிடுகிறார்கள். கில் எல்வ்க்ரென் என்ற அமெரிக்க பின்அப் ஓவியர் 1945இல் பிரவுன் அண்ட் பிகிலோ காலண்டர் நிறுவனத்தில் சேர்ந்து கிட்டத்தட்ட முப்பது வருடம் வரைந்தார், பெரும்பாலும் 30க்கு 24 அங்குல எண்ணெய் ஓவியங்கள். அவற்றில் ஒன்று ஏலத்தில் இரண்டரை லட்சம் டாலரைத் தாண்டிப் போயிருக்கிறது. அந்தக் கான்வாஸ் நம்மிடம் இருந்தால் நான் பிரேமுக்கு அளவெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன் என்பது உங்களுக்கே தெரியும். இனி ஒவ்வொரு படத்துக்கும் 'அந்தக் கால அச்சு', 'பிற்கால மறுபதிப்பு', 'இக்கால ஓவியரின் பதிப்பு' என்று மூன்றில் ஒன்றைத்தான் போடுவோம். அசல் என்ற சொல் நம் பட்டியலிலிருந்து போகிறது.

இப்போது இன்னொன்று. "பழசு தீர்ந்துவிட்டது, அதனால்தான் புதுசைக் கொண்டுவந்து கலக்கிறார்கள்" என்றும் பேச்சு. பழசு குறைந்துவருவது உண்மைதான், யார் இல்லை என்றது? காலண்டர் என்பது வருடம் முடிந்தால் தூக்கிப்போடுகிற பொருள். பட்டறைச் சுவரிலும் லாரி ஷெட்டிலும் எண்ணெய்க் கையோடு புரட்டப்பட்டது. தப்பிப் பிழைத்ததில் பாதியை யாரோ பிரேமுக்குள் அடக்குவதற்காகக் கீழ்ப்பகுதியை வெட்டியிருக்கிறார்கள். விளம்பரம் கொடுத்த கடையின் பெயர் அங்கேதான் இருக்கும், அது போனால் மதிப்பும் போகும். என்னைக் கேட்டால் அந்தக் கீழ்ப்பகுதிதான் படத்தின் உயிர். பாவாடை வேலியில் மாட்டி விழிக்கிற பெண்ணுக்குக் கீழே, ஒரு நிலக்கரி வியாபாரி தன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் படு சீரியஸாகப் போட்டிருப்பார் பாருங்கள், அந்தச் சிரிப்பு புதுப் படத்தில் கிடைக்காது.

ஆனால் புதுசை விற்கத் தொடங்கியதற்குக் காரணம் நீங்கள்தான், நான் இல்லை. "வெயில் படும் சுவரில் மாட்டணும், என்ன கொடுப்பீங்க?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். பழைய அச்சை அங்கே மாட்டுங்கள் என்று மனசாட்சியோடு என்னால் சொல்ல முடியாது. சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும், நீலம் மிஞ்சும், நாலு வருடத்தில் அந்தப் பெண்ணுக்குக் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி ஆகிவிடும். தாளும் அப்படித்தான். மரக்கூழில் செய்த மலிவுத் தாள், உள்ளே இருக்கும் அமிலத்தாலேயே பழுத்து நொறுங்கும், பின்னால் சாதாரண அட்டையை வைத்துவிட்டால் ஓரம் முழுக்கத் தீய்ந்த மாதிரிப் பழுப்புக்கோடு விழும். புதுப் படங்களோ நல்ல பருத்தித் தாளில் நிறமி மையில் அடிக்கப்படுபவை, சுவரில் மாட்டத்தான் செய்திருக்கிறார்கள். என் அறையில் மாட்டியிருப்பதும் புதுசுதான். என் பழசெல்லாம் அமிலம் இல்லாத உறைக்குள், அலமாரியில் படுத்திருக்கின்றன.

புதுசைச் சேகரிப்பவர்களுக்குக் கிடைக்கிற இன்னொன்று, ஓவியர் உயிரோடு இருப்பது. கையொப்பம் வாங்கலாம், எத்தனை பிரதி என்று கேட்கலாம். ஒலிவியா டி பெரார்டினிஸ் மாதிரி ஒரு பெண் வரைகிற பின்அப்பைப் பெண் வாடிக்கையாளர்கள் தேடி வாங்குகிறார்கள். பெண் வரைவது புதுசு என்று நினைத்துவிடவும் வேண்டாம். 1940களிலேயே ஸோயி மோசர்ட் என்ற பெண் பேஸ்டலில் (வண்ணக் குச்சியில்) வரைந்துகொண்டிருந்தார், பல படங்களுக்கு மாடலும் அவரேதான், கண்ணாடி முன்னால் நின்று தன்னையே பார்த்து வரைந்தவர். ஜப்பானிய ஓவியர் ஹாஜிமே சொராயாமாவின் பளபளக்கும் உலோகப் பெண்களை முதலில் பார்த்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. இப்போதும் முழுசாகப் பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் வண்ணத்தைக் காற்றோடு தெளித்துத் தீட்டும் வார்காஸின் ஏர்பிரஷ் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அதில் தெரிகிறது.

மொத்தம் இத்தனை பிரதிதான் என்று ஒவ்வொன்றிலும் எண் போட்ட பதிப்புகள் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. 100இல் 3ஆம் பிரதி வேண்டும் என்று கூடுதலாகக் கொடுக்க வருகிறார்கள். செப்புத் தகட்டில் கீறி அச்சடித்த காலத்தில் தகடு தேயும், முதல் பிரதிகளில் கோடு கூர்மையாக விழும், அதனால் சின்ன எண்ணுக்கு மவுசு இருந்தது. டிஜிட்டல் அச்சில் 3க்கும் 97க்கும் மயிரிழை வித்தியாசம்கூடக் கிடையாது. அந்தக் கூடுதல் பணத்தை நல்ல கண்ணாடிக்குப் போடுங்கள்.

பழசா புதுசா, எது வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வதுதான்: கையில் எடுத்துப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் ஆசைப்படுகிறவர் பழசுக்குப் போகலாம், தினம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கணும் என்கிறவர் புதுசுக்குப் போகலாம். லாபத்துக்கு என்று கேட்பவர்களிடம் நான் எதுவும் சொல்வதில்லை, அவர்கள் கேட்பதை நிறுத்துவதும் இல்லை.

அட்டை, உறை, அனுப்பும் செலவு எல்லாம் ஏறியிருப்பதால் அடுத்த மாதத்திலிருந்து விலை கொஞ்சம் கூடும், திருப்பி அனுப்பும் காலமும் முப்பது நாளுக்குப் பதில் பத்து நாளாகிறது.

இந்த ஒரு மாதத்தில் எனக்குப் போன் செய்து "நாங்க இருக்கோம், நீங்க வேலையைப் பாருங்க" என்றவர்களை மறக்கமாட்டேன். ஒருவர் நம்மிடம் வாங்கிய பதினோரு தாள்களையும் தானே விளக்கில் பிடித்துப் பார்த்து, பதினொன்றும் மங்கலாகவே இருக்கின்றன என்று படத்தோடு அனுப்பினார். நான் கேட்கவே இல்லை. இன்னொரு அம்மா, தான் வாங்கிய வார்கா தாளின் பெயரை மட்டும் பெரிதாக்கி அனுப்பி, கீழே ஒரு சிரிப்பு மட்டும் போட்டிருந்தார். இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இந்தத் தொழிலில் இன்னும் இருக்கிறேன்.

புகார் சொன்னவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். உங்கள் தாளை அனுப்பினால், இரண்டு பேருக்கும் பொதுவான ஒருவரை வைத்து உங்கள் கண் முன்னாலேயே லென்ஸும் விளக்கும் பிடிக்கத் தயார். தப்பு என் மேல் இருந்தால் பணம், போகவர அனுப்பும் செலவு இரண்டும் என் பொறுப்பு. இல்லையென்றால் நீங்கள் எழுதியதை நீங்களே திருத்தி எழுதினால் போதும், மன்னிப்பெல்லாம் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்

பி.கு.: போன வாரம் வந்த கட்டுக்குள், தேதித்தாள் கிழியாமல் முழுசாக இருக்கும் 1952ஆம் வருடத்துக் காலண்டர் ஒன்று இருந்தது. ஆணி மாட்டிய ஓட்டை துருவேறிப் பழுப்பாக இருக்கிறது. மார்ச் மாதம் முழுக்க ஒவ்வொரு வெள்ளிக்கிழமையையும் யாரோ பென்சிலில் வட்டமிட்டிருக்கிறார்கள், கடைசி வெள்ளியில் மட்டும் வட்டத்தை அழித்த தடம் இருக்கிறது. பட்டியலில் போட்டதுமே நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். அது விற்பனைக்கு இல்லை, தெரியாமல் போட்டுவிட்டேன்.