ஞாயிறு கூடுகை: கவிஞர் மீரா

நண்பர்களுக்கு வணக்கம். அக்டோபர் 10 கவிஞர் மீராவின் பிறந்த நாள். அதையொட்டி இந்த ஞாயிறு மாலை 5 மணிக்கு, வழக்கமாகக் கூடும் மொட்டைமாடியில் அவரைப் பற்றிப் பேசுகிறோம்.

1938இல் பிறந்தவர். மீ. ராஜேந்திரன் என்ற பெயரைச் சுருக்கித்தான் மீரா. சிவகங்கை மன்னர் துரைசிங்கம் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். ‘கனவுகள் + கற்பனைகள் = காகிதங்கள்’ என்ற அவருடைய காதல் கவிதைத் தொகுப்பு வந்த பிறகு காதல் கடிதம் எழுதியவர்கள் பலர் அதிலிருந்து வரிகளை எடுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். ‘ஊசிகள்’ தொகுப்பு வேறு முகம், அங்கதம்.

ஆனால் என் மனதில் அவர் முதலில் பதிப்பாளர். சென்னைக்குப் போகாமல், சிவகங்கையிலேயே ‘அன்னம்’ பதிப்பகத்தையும் ‘அகரம்’ அச்சகத்தையும் நடத்தினார். எழுத்தாளர் கி.ரா.வின் (கி. ராஜநாராயணன்) நூல்களைக் கொண்டுவந்தார். ‘நவகவிதை’ வரிசையில் புதுக் கவிஞர்களுக்கு இடம் தந்தார். ‘கவி’, ‘அன்னம் விடு தூது’ இதழ்களும் அவர் நடத்தியவையே. அடுத்தவர் கவிதைக்காகத் தன் நேரத்தை இவ்வளவு கொடுத்த இன்னொரு கவிஞரைச் சொல்வது கடினம். 2002இல் மறைந்தார்.

என்னிடம் பழைய அன்னம் பதிப்பு ஒன்று இருக்கிறது. தாள் பழுத்து, முதுகுப் பசை விட்டுவிட்டது. எழுத்து மட்டும் இன்னும் பளிச்சென்று நிற்கிறது. கொண்டு வருகிறேன். உங்கள் வீட்டுப் பரணில் அன்னம் வெளியீடு எது கிடந்தாலும் எடுத்து வாருங்கள். பிடித்த கவிதை ஒன்றையாவது எல்லாரும் வாசிக்க வேண்டும். வருகிறவர்கள் சனி இரவுக்குள் இங்கே சொல்லிவிடுங்கள், டீக்குச் சொல்ல வேண்டும்.