மூன்று மயிரிழை

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்து மாடிப்படி ஏற முடிகிறது என்று படித்ததும் மனசு நிறைந்தது. நீ 'ராவுல் த காம்ப்ரே' என்ற பழைய பிரெஞ்சுக் காவியத்தைத் தமிழில் எழுத உட்கார்ந்துவிட்டாய் என்பதில் இன்னொரு சந்தோஷம்.

பிரபுவுக்கும், அவருக்கு விசுவாச வாக்குக் கொடுத்துச் சேர்ந்த வசாலுக்கும் உள்ள பிணைப்பைச் 'செஞ்சோற்றுக்கடன்' என்று எழுதலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அந்தச் சொல்லைப் பார்த்ததுமே வாசகர் மனசில் கர்ணன் வந்து உட்கார்ந்துவிடுவான். கர்ணனுக்கு வெளியேற வழி கிடையாது. ராவுல் பிரபுவின் வசாலான பெர்னியேவுக்கு உண்டு. எப்போது, எப்படி வெளியேறுவது என்பதுதான் அந்தக் காவியமே.

'அடிமை'யும் சரிவராது, 'சிற்றரசன்' என்பதும் பொருந்தாது. பெர்னியே நிலமில்லாதவன், முறைதவறிப் பிறந்தவன். பழைய பிரெஞ்சில் 'ஓம்' என்றால் மனிதன், ஆள். ஒருவன் பிரபுவுக்கு வசாலாகும் 'ஓமாஜ்' என்ற சடங்கின் பெயர் அதிலிருந்து வந்தது. 'அவர் இன்னாருடைய ஆள்' என்று நாம் சொல்வதில் அந்தப் பொருள் அப்படியே இருக்கிறது. வசாலுக்கு 'ஆள்', சடங்குக்கு 'ஆளாதல்' என்று வைத்துப் பார். 'ஆட்படுதல்' மட்டும் வேண்டாம், தேவார வாசனை வந்துவிடும். இறைவனுக்கு ஆட்பட்டவன் முறித்துக்கொண்டு போவதில்லை.

சடங்கின் வரிசை உனக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். 1127இல் ஃபிளாண்டர்ஸின் புதிய கோமானிடம் புரூஜ் நகரில் பலர் ஆளானதை, அங்கேயே இருந்த கால்பெர் என்பவர் எழுதிவைத்திருக்கிறார். முழுமையாக என் ஆளாக விருப்பமா என்று கோமான் கேட்கிறார். விருப்பம் என்று ஆளாக வந்தவன் சொல்கிறான். கூப்பிய அவன் கைகளைக் கோமான் தம் இரு கைகளுக்குள் வைத்து மூடுகிறார். பிறகு முத்தம். அதன்பின் வாய்மொழியாக விசுவாச வாக்கு, புனிதர்களின் உடல் எச்சங்கள் மீது சத்தியம். கடைசியாகத்தான் கோமான் தம் கையிலுள்ள கோலால் நிலவுரிமையைக் கொடுக்கிறார். இந்த வரிசையை மாற்றிவிடாதே. முதலில் ஆள், பிறகுதான் நிலம். கைகூப்புவதை 'வணங்கினான்' என்று எழுதினாலும் பொருள் கெட்டுவிடும். அது கும்பிடு அல்ல, தன் கைகளை இன்னொருவர் கைக்குள் ஒப்படைப்பது.

கடமை இரு பக்கமும் உண்டு. 1020 வாக்கில் சார்த்ர் நகரின் ஆயர் (பிஷப்) ஃபுல்பெர் அக்கித்தேன் கோமகனுக்கு எழுதிய கடிதத்தில், ஆள் எந்தெந்த வகையில் பிரபுவுக்குத் தீங்கு செய்யக்கூடாது என்று ஆறு சொற்களில் சொல்கிறார். தீங்கு செய்யாமல் இருந்தால் மட்டும் போதாது, ஆலோசனையும் உதவியும் தரவேண்டும் என்கிறார். பிரபுவும் ஆளுக்கு அதே மாதிரி நடக்கவேண்டும், தவறினால் அவரும் விசுவாசம் கெட்டவரே என்றும் எழுதுகிறார். ராவுல் கதையைப் புரிந்துகொள்ள இந்தக் கடைசி வரிதான் திறவுகோல்.

கோளாறு மேலிருந்து தொடங்குகிறது என்பதை உன் முன்னுரையில் அழுத்திச் சொல். மன்னர் லூயி ராவுலின் தந்தைவழி நிலத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்து எந்தக் கோமான் இறந்தாலும் அவர் நிலம் உனக்கு என்கிறார். இறப்பவர் வெர்மாந்துவாவின் எர்பேர். அவருக்கு நான்கு மகன்கள். அவர்களில் ஒருவரின் மகன்தான் பெர்னியே. தன்னை வீரனாக்கிய பிரபுவோடு சேர்ந்து தன் குலத்தின் மீதே படையெடுத்துப் போகிறான்.

ஒரிஞி ஊரையும் கன்னியர் மடத்தையும் ராவுல் எரிக்கிறான். மடத்தின் உள்ளே பெர்னியேவின் தாய் மார்சென்ட் எரிகிறாள். அவள் மார்பின் மீது பைபிளின் சங்கீதங்கள் அடங்கிய ஜெபப் புத்தகம் எரிவதை மகன் பார்க்கிறான். அப்போதும் பிணைப்பு அறவில்லை! ராவுல் யூதாசைவிடக் கொடியவன், ஆனாலும் என் பிரபு, குதிரையும் உடையும் தருகிறவன், உன் பக்கம் நியாயம் என்று எல்லோரும் சொல்லும்வரை கைவிட மாட்டேன் என்று முன்னமே தாயிடம் சொல்லியிருக்கிறான். அவளும், உன் பிரபுவுக்கு ஊழியம் செய் என்றுதான் சொன்னாள். 'எல்லோரும் சொல்லும்வரை' என்பதை எந்தக் காரணம்கொண்டும் சுருக்காதே. அங்கே ஒருவன் மனசாட்சி மட்டும் போதாது, சாட்சிகள் வேண்டும்.

பிறகு வாக்குவாதத்தில் ராவுல் ஈட்டிக்கட்டையால் பெர்னியேவின் தலையில் அடிக்கிறான். ரத்தம் வழிகிறது. இதை எல்லோரும் பார்க்கிறார்கள். ராவுல் உடனே பரிகாரம் பேசுகிறான்: ஒரிஞியிலிருந்து நேல் வரை 14 லீக் (பழைய தூர அளவு), நூறு வீரர்கள் சேணம் சுமந்து நடப்பார்கள், உன் சேணத்தை நானே தலையில் சுமப்பேன், வழியில் காண்பவரிடமெல்லாம் இது பெர்னியேவின் சேணம் என்பேன். சேணம் சுமக்கிறவன் தன்னையே குதிரையாக்கிக்கொள்கிறான். அக்காலத்தில் இது நிஜமான அவமானத் தண்டனை, வேடிக்கையாக மொழிபெயர்த்துவிடாதே. வழிந்த ரத்தம் தானாகத் தலைக்குத் திரும்பினால் சமாதானம் என்கிறான் பெர்னியே.

அதற்குப் பிறகும் அவன் முதுகில் குத்துவதில்லை. போருக்கு முன்னே தூதனாக வந்து சமாதானம் கேட்கிறான். அது பலிக்காதபோது, கவசத்தின் இரும்பு வளையங்களுக்கு ஊடாக உள்ளே இருக்கும் மென்மயிர் அங்கியிலிருந்து மூன்று மயிரை இழுத்து ராவுலை நோக்கி வீசுகிறான். உறவை முறிக்கிறேன், நான் துரோகம் செய்தேன் என்று சொல்லாதே என்கிறான். கோலோ கையுறையோ கொடுத்து நிலத்தைத் தந்தால், ஒரு பொருளை வீசித்தான் பிணைப்பையும் அறுக்கவேண்டும். வீசாமல் வாளெடுத்திருந்தால் அவன் துரோகி. கடைசியில் ராவுலை வீழ்த்தும்போதும் தலைக்கவசத்துக்குள் அழுகிறான். அந்த அழுகையைக் குற்றவுணர்வு என்று விளக்கப் போகாதே, அழட்டும்.

முறிக்கும் அந்த வரியில் இன்னொன்றையும் கவனி. ராவுலை அங்கே 'சீர்' (பிரபுவே) என்று அழைக்காமல் 'வசால்' என்கிறான். காவியத்தில் அந்தச் சொல் எதிரியைப் பார்த்து வீசும் முரட்டு விளிப்பாகவும் வரும். அந்த இடத்தில் 'ஆள்' உதவாது, 'ஏ வீரா' என்று போடலாம். அதுவரை வந்த எல்லா இடத்திலும் 'பிரபுவே' என்று நீ ஒழுங்காகப் போட்டிருந்தால்தான் அது மறைந்தது வாசகர் காதில் விழும்.

ஒரிஞிப் பகுதியை முடித்ததும் அனுப்பு. பென்சிலோடு காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்