காவலர்மீது உறுதியான புகார்களின் முடிவை வெளியிடவும், காவலர் குடும்பத்தின் விவரங்களைக் காக்கவும் கோரும் மனு

அனுப்புநர்:
ஈரோடு மாவட்ட விவசாயி ஒருவர்
(பெயர், முகவரி தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது)

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்டக் காவல் புகார் ஆணையத் தலைவர் என்ற முறையில்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், ஈரோடு.

பொருள்: காவல் துறையினர் பணியில் செய்து, விசாரணையில் உறுதியான தவறுகளையும் அதற்கான தண்டனையையும் பொதுமக்கள் அறிய வெளியிடக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். காவலர் ஒருவர் பணி நேரத்தில் செய்த தவறு விசாரணையில் உறுதியாகி, தண்டனையும் வழங்கப்பட்டுவிட்டால், அவர் பெயர், பதவி, என்ன தவறு, என்ன தண்டனை ஆகிய நான்கையும் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவருடைய வீட்டு முகவரி, கைபேசி எண், மனைவி மக்களின் விவரம், மருத்துவக் குறிப்பு ஆகியவை எக்காரணம் கொண்டும் வெளியே போகக் கூடாது என்றும் அதே உத்தரவில் சேர்க்க வேண்டுகிறேன். இரண்டையும் ஒரே மனுவில் கேட்பதற்குக் காரணம் எங்கள் ஊரில் நடந்ததுதான்.

என் தங்கை மகன் விசைத்தறி ஓட்டுகிறவன். இரவு ஷிப்ட் முடித்து வண்டியில் வந்தவனை வாகனத் தணிக்கையில் நிறுத்தினார்கள். ஆர்சி புத்தகம் வீட்டில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். பேச்சு முற்றியதில் சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் காதைச் சேர்த்து அறைந்துவிட்டார். இடது செவிப்பறை கிழிந்திருப்பதாக அரசு மருத்துவமனைச் சீட்டில் எழுதியிருக்கிறது. இன்றும் தறிச் சத்தத்துக்கு நடுவில் யாராவது கூப்பிட்டால் வலது பக்கமாகத்தான் திரும்புகிறான்.

புகார் கொடுத்தோம். விசாரித்தார்கள், வாக்குமூலமும் வாங்கினார்கள். அப்புறம் அவர் ஆயுதப்படைக்கு மாற்றப்பட்டதாகச் செய்தித்தாளில் சின்னதாக ஒரு செய்தி வந்தது, அத்தோடு சரி. ஆயுதப்படைக்கு மாற்றுவது தண்டனைக் கணக்கில் வராது என்பது துறையில் இருப்பவர்களுக்கே நன்றாகத் தெரியும். துறை விதிப்படி சிறு தண்டனைக்குரிய 3(ஏ) குற்றச்சாட்டா, பெருந்தண்டனைக்குரிய 3(பி)யா, கண்டித்தார்களா, ஊதிய உயர்வை நிறுத்தினார்களா, கோப்பை அப்படியே மூடிவிட்டார்களா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால், இது தனிநபர் தகவல், 8(1)(ஜெ) பிரிவின்படி தர இயலாது என்று பதில் வந்தது. அறை வாங்கியவனுக்கே இதுதான் பதில் என்றால் மற்றவர்கள் எங்கே போய்க் கேட்பது?

அதிகாரிகள் சொல்லாததை வாட்ஸ்அப் குழுக்கள் சொல்ல ஆரம்பித்தன. அதே நிலையத்தில் அதே பெயரில் இன்னொரு ஏட்டையா இருக்கிறார். சம்பவத்தன்று கோயில் பந்தோபஸ்துக்குப் போயிருந்தவர், இதில் துளியும் சம்பந்தமில்லாதவர். அவர் படத்தையும் கைபேசி எண்ணையும் பரப்பினார்கள். பள்ளிச் சீருடையில் இருந்த அவர் மகளின் படத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. ரேஷன் கடை வரிசையில் அவர் மனைவியைப் பார்த்து நாலு பேர் ஜாடை பேசியதை நானே கேட்டேன். அடித்தவர் பெயர் மூடிக்கிடக்க, அடிக்காதவர் குடும்பம் தெருவுக்கு வந்தது. முறையான உத்தரவு பெயரோடு வெளியாகியிருந்தால் இந்தக் கொடுமை நடந்திருக்காது. எங்கள் பையனுக்கு நடந்ததைப் போலவே அந்தக் குழந்தைக்கு நடந்ததும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

சட்டம் தடுக்கிறது என்று சொல்லப்படலாம். அரசு ஊழியர் பெற்ற குறிப்பாணை, தண்டனை போன்றவை தனிப்பட்ட தகவல் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் கிரிஷ் தேஷ்பாண்டே வழக்கில் சொன்னது உண்மை. பெரிய பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 8(1)(ஜெ) பிரிவை இன்னும் இறுக்கியது. ஆனால் வெளியிடுவதால் வரும் பொதுநலன் பெரிதென்றால் வெளியிடலாம் என்னும் 8(2) பிரிவை அது தொடவில்லை. சீருடையில், நடுரோட்டில், அரசு கொடுத்த அதிகாரத்தோடு செய்த செயலில் பொதுநலன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் தாங்கள் கவனிக்க வேண்டும். கைது செய்யப்பட்டவரின் பெயரையும் முகவரியையும் குற்றத்தின் தன்மையையும் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 37ஆவது பிரிவு. நீதிமன்றம் இன்னும் குற்றவாளி என்று சொல்லாத ஒருவரின் வீட்டு முகவரிவரை ஊர் பார்க்கிறது. துறையே விசாரித்துத் தண்டித்த ஒருவரின் பெயர் மட்டும் எப்படி ரகசியமாகும்?

நமது மேற்கு மண்டலத்திலேயே இருக்கும் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியைத் தாங்கள் அறிவீர்கள். அந்தப் பழங்குடிக் கிராமத்தில் 1992இல் சோதனை என்ற பெயரில் அரசு ஊழியர்களே நடத்திய தாக்குதலுக்கும் பாலியல் கொடுமைக்கும் 2011இல்தான் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட வனம், காவல், வருவாய்த் துறையினர் 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள், மீதி 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். யார் என்ன செய்தார்கள் என்பது ஊரறிய வெளிவருவதற்கு சிபிஐ விசாரணையும் 19 ஆண்டுகளும் தேவைப்பட்டன.

வேறு நாட்டிலும் இது செய்யக்கூடியதாகத்தான் இருந்திருக்கிறது. காவலரின் ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகளை 1976 முதல் மூடிவைத்திருந்த சட்டப் பிரிவை நியூயார்க் மாகாணம் 2020 ஜூனில் நீக்கியது. நீக்கும்போதே வீட்டு முகவரி, சொந்தத் தொலைபேசி எண் போன்றவற்றை மறைத்துத்தான் தர வேண்டும் என்றும் விதி செய்தது. நான் கேட்பதும் அவ்வளவே.

ஆகவே, தமிழ்நாடு காவல் சீர்திருத்தச் சட்டம் 2013இன்படி தங்கள் தலைமையில் உள்ள ஆணையத்துக்கு வந்த புகார்கள் எத்தனை, உறுதியானவை எத்தனை, ஒவ்வொன்றிலும் என்ன முடிவு என்பதை ஆண்டுதோறும் மாவட்ட இணையதளத்திலும் ஆட்சியர் அலுவலக அறிவிப்புப் பலகையிலும் வெளியிட வேண்டுகிறேன். மேல்முறையீடு முடிந்து தண்டனை உறுதியான பிறகே பெயர் வர வேண்டும். விசாரணையில் இருக்கும் புகாரிலும் பொய்யென்று தள்ளப்பட்ட புகாரிலும் காவலர் பெயர் வரவே கூடாது. புகார்தாரர் விரும்பாவிட்டால் அவர் பெயரும் வேண்டாம். பாலியல் புகார்களில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் ஒரு சொல்கூட இருக்கக் கூடாது.

காவல் நிலையக் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. புகார் நிலுவையில் இருந்தால் முடிவு வரும்வரை அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்ல வேண்டும். காவலர் குடும்பத்தின் படங்களையும் எண்களையும் பரப்புகிறவர்கள்மீது சைபர் குற்றப் பிரிவு உடனே வழக்குப் பதியவும் ஆவன செய்ய வேண்டும். தங்கள் அதிகாரத்துக்கு மேற்பட்டவற்றைப் பரிந்துரையோடு உள்துறைச் செயலாளருக்கு அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

என் தங்கை மகனின் புகாரில் எடுக்கப்பட்ட இறுதி முடிவை அவனுக்கு எழுத்து மூலமாகத் தெரிவிக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். மருத்துவமனைச் சீட்டு, புகார் ரசீது, தகவல் மறுப்புக் கடிதம் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இடம்: ஈரோடு