ரசீதுப் புத்தகமும் உபவாச ஜெபமும்: எங்கள் சபையின் சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குருவானவர் ஐயாவுக்கும் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் மும்பை தாராவியிலிருந்து ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு அறிவிப்பில், இனி வெள்ளிதோறும் உபவாச ஜெபம் என்றீர்கள். தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்காக வீடுவீடாக எடுக்கும் சர்வேயில் நம் ஜனங்கள் எல்லாருக்கும் வீடு கிடைக்க வேண்டும் என்பது ஜெபக் குறிப்பு. நானும் வருவேன். ஆனால் அந்தக் குறிப்பில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

என் வேலை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தொண்ணூறு அடி ரோட்டில் தோல் பட்டறைகளுக்கும் தையல் கடைகளுக்கும் கணக்கு எழுதுகிறவன். 2024 மார்ச்சில் சர்வே தொடங்கியதிலிருந்து சாயங்காலமானால் என் மேஜையைச் சுற்றிக் கூட்டம்தான். தேதி எல்லாருக்கும் மனப்பாடம். 2000 ஜனவரி 1-க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குச் சான்று இருந்தால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி, காசில்லாமல். அதற்குப் பிறகு 2011 தொடக்கம் வரை வந்தவர்களுக்கு வெளியே, அதுவும் இரண்டரை லட்சம் கட்டி. மாடியில் இருப்பவர்களுக்கும் வெளியேதான், வாடகை வீடு. ஒரே சந்தில் பிள்ளை பெற்று, பேரன் எடுத்தவர்களுக்கு ‘வெளியே’ என்ற வார்த்தை எப்படிக் கேட்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் வந்து கேட்கிறார்கள். “அண்ணாச்சி, பழைய ரசீது புக் ஏதும் கிடக்கா?”

ஒன்று எழுதிக் கொடுத்தேன். ஒளிப்பானேன்? மூடிப்போன கடை ஒன்றின் வாடகை ரசீதுப் புத்தகம் என் டிராயரில் கிடந்தது, ஓரமெல்லாம் பழுத்த தாள். கேட்டவர் நம் சபைக்காரர், 2003-ல் வந்தவர், இரண்டு பெண் பிள்ளைகள். 1998 என்று தேதி போட்டேன். மை புதுசாகத் தெரியுமே என்று அவர் அதை வெயிலில் காயவைத்து எடுத்துப்போனார். அடுத்த ஞாயிறு எழுந்து நின்று, ஆண்டவர் ஒரு வழி திறந்தார் என்று சாட்சி சொன்னார். சபையே அல்லேலூயா சொன்னது, நானும்தான். அந்த வழி என் டிராயரில் இருந்தது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

இன்னொரு வீடு. கீழே நம்மாள், மாடியில் பதினைந்து வருஷமாக வாடகைக்கு ஒரு பீகார்க் குடும்பம். சர்வே ஆட்கள் வந்த அன்று, மேலே யாரும் இல்லை, சாமான்தான் போட்டிருக்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரும்பு ஏணியின் கீழ்ப்படியில் அந்தக் குழந்தையின் ஸ்கூல் ஷூ கிடந்தது.

லூக்கா 3-ல் வரி வசூலிக்கும் ஆயக்காரர் வந்து, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று ஆற்றில் ஞானஸ்நானம் கொடுத்த யோவானிடம் கேட்கிறார்கள். உபவாசம் இருங்கள் என்று அவர் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள் என்றார். போர்ச்சேவகரிடம், பொய்யாய்க் குற்றஞ்சாட்டாதிருங்கள், சம்பளம் போதுமென்றிருங்கள் என்றார். ஆற்றங்கரையில் நடந்த பேச்சு முழுக்கக் கணக்கும் கூலியும்தான். நம் பிரசங்கங்களில் ஞானஸ்நானம் வருகிறது, கணக்கு வருவதில்லை.

ஆபிரகாமை நினைத்துக்கொள்கிறேன். “நீ எனக்கு முன்பாக நடந்துகொண்டு உத்தமனாயிரு” என்று ஆதியாகமம் 17-ல் ஆண்டவர் சொல்லக் கேட்டவர், 20-ல் கேராருக்குப் போனதும் மனைவியைச் சகோதரி என்கிறார். அந்நிய ஊர், பயம். திருநெல்வேலியிலிருந்து வண்டியேறி வந்த நம் தாத்தாக்களுக்கும் அந்தப் பயம் தெரியும். அதனால் கேட்டு வருகிறவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

தேதியே அநியாயம்தானே என்பீர்கள். சரி, அநியாயம்தான். அதற்கு மனு எழுதுவோம், கூட்டம் போடுவோம், முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் மாடி வீட்டுக்காரர் பெயரை அழிப்பது எந்தப் போராட்டத்தில் சேர்த்தி?

அடுத்த மாதம் அறுப்பின் பண்டிகை, காணிக்கையாக வரும் காய்கனிகளை ஏலம் விடுகிற நாள். போன வருஷம் ஒரு பூசணிக்காய் ஒன்பதாயிரத்துக்கு ஏலம் போனது, கைதட்டினோம். (சமைத்தால் சாம்பார்தான்.) இந்த வருஷம் அதற்கு முந்தின ஞாயிறு மத்தேயு 5:23, 24-ஐ வாசியுங்கள் ஐயா. காணிக்கையை வைத்துவிட்டுப் போய், முன்பு ஒப்புரவாகி, பின்பு வா என்கிற பகுதி. வாசித்துவிட்டு, மாடி வீட்டுக்காரரிடம் போய்வர ஒரு வாரம் கொடுங்கள். அப்புறம், ஆலயத்துக்குப் பக்கத்து ஹால் சாவியைச் சனிக்கிழமை சாயங்காலம் எனக்குக் கொடுங்கள். ஒரு பெஞ்ச் போதும். யார் வந்தாலும் படிவமும் மனுவும் எழுதித் தருகிறேன், மாடி வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்து. உள்ள தேதியைத்தான் போடுவேன்.

ரசீது வாங்கினவரிடம் போய், அதைத் திரும்ப எடுத்துக்கொள்வோம், நானும் கூட வந்து சொல்கிறேன் என்றேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன். புத்தகத்தில் மிச்சமிருந்த வெற்றுத் தாள்களைக் கிழித்துப் போட்டாயிற்று. என் கையெழுத்துள்ள அந்த அடிக்கட்டை மட்டும் இருக்கிறது. கமிட்டி கூப்பிட்டால் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சபையின் கணக்கு எழுதுகிறவன்