கத்தரி நிறத்தில் தக்காளி: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. இண்டிகோ ரோஸ் என்ற ஊதாத் தக்காளியின் விதை கைக்கு வந்துவிட்டது, அதைப் பெரியகுளத்து பிகேஎம் 1 தக்காளி ரகத்தோடு கலக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். நம் ஊர் வெயில் தாங்கும் செடியில் அந்த நிறம் ஏறினால், அதை வாங்கிச் சமைக்கிறவர்களுக்கு உண்மையிலேயே ஏதாவது கிடைக்க வேண்டும். அதனால் கலப்புக்கு முன்பே ஒன்றைத் தீர்மானித்துக்கொள்: உனக்கு எந்தச் சத்து வேண்டும்? இந்த ஊதா நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமி. அதிலிருந்து வைட்டமின் ஏ கிடைக்காது. சிவப்புக்குக் காரணமான லைகோபீனிலும் கிடைக்காது. பள்ளிக் குழந்தைகளின் கண்ணுக்காக என்று எழுதியிருந்தாயே, அதற்கு உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின்தான் வேண்டும். திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் பூ சோனா சர்க்கரைவள்ளியில் 100 கிராமுக்கு 14 மில்லிகிராம் இருக்கிறது. அந்த வேலைக்கு அந்தக் கிழங்குதான் சரி. தக்காளியை ஆந்தோசயனினுக்காக மட்டும் வளர்க்கலாம், அதை அப்படியே சொல்லி விற்கலாம்.

இண்டிகோ ரோஸ் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜிம் மையர்ஸ் குழு உருவாக்கி 2012-ல் வெளியிட்டது. காட்டுத் தக்காளிகளிலிருந்து சாதாரணக் கலப்பிலேயே கொண்டுவந்த ரகம். இங்கிலாந்தில் ஸ்நாப்டிராகன் பூவின் இரண்டு மரபணுக்களைச் செருகி, சதையும் ஊதாவாகச் செய்த தக்காளி ஒன்று உண்டு. 2008-ல் அறிவித்தார்கள். அது மரபணு மாற்றப் பயிர், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. உன் ரகத்தில் தோல் மட்டும்தான் ஊதா. வெட்டினால் உள்ளே வழக்கமான சிவப்பு.

வேலை செய்வது இரண்டு மரபணுக்கள். ஏஎஃப்டி என்பது சொலானம் சிலென்ஸ் என்ற காட்டினத்திலிருந்து வந்தது, நிறத்தைத் தூண்டுகிறது, ஓங்கு தன்மை உடையது, அதாவது ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே வேலை செய்யும். ஏடிவி கலாபகோஸ் தீவுத் தக்காளியிலிருந்து வந்தது. அது நிறத்தைத் தடுக்கும் புரதத்தின் பழுதான வடிவம், ஒடுங்கு தன்மை உடையது, அதாவது இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். தூண்டுதலும் வேண்டும், தடையும் நீங்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கருநீலம்.

கலப்புக்கு பிகேஎம் 1-ஐத் தாயாக வை. மறுநாள் மலரவிருக்கும் மொட்டாகப் பார், இதழ் வெளிர்மஞ்சளாக இருக்கும். மலர்ந்த பூ வேண்டாம், அதில் தன்மகரந்தம் விழுந்திருக்கும். மாலையில் நுனிக் கிடுக்கியால் மகரந்தப்பைக் கூம்பை முழுசாக உரி, நடுவிலிருக்கும் பெண்பாகத்தின் நுனியான சூலகமுடியில் கீறல் படக்கூடாது. புல்லி இதழ் இரண்டை வெட்டி அடையாளம் வை. மறுநாள் காலை இண்டிகோ ரோஸின் மலர்ந்த பூவைத் தட்டி, மகரந்தத்தைக் கறுப்புத் தட்டில் வாங்கி, சூலகமுடியில் தொட்டு வை. கொத்துக்கு இரண்டு மூன்று காய் போதும், மற்ற மொட்டைக் கிள்ளிவிடு. இரவு வெப்பம் 24 டிகிரிக்கு மேல் போகும் மாதங்களில் இதைத் தொடாதே, பூ உதிர்ந்து உழைப்பு வீணாகும்.

முதல் தலைமுறையில் காயின் தோள்பட்டையில் லேசாக ஊதா படரும். அந்தச் சாயல் சுத்தமாக இல்லாத செடி உன் தாய்ச்செடியின் சொந்த விதைதான், பிடுங்கிவிடு. நல்ல கருநீலம், முதல் தலைமுறைச் செடியின் சொந்த விதையில் முளைக்கும் இரண்டாம் தலைமுறையில் வரும், 16-ல் 3 செடிக்கு. அந்த மூன்றில் ஒன்றுதான் நிலைத்த கலவை, அதன் விதையிலும் நிறம் மாறாது; மற்ற இரண்டும் அடுத்த தலைமுறையில் பிரியும், சில செடியில் நிறம் போய்விடும். ஆக, நிலைத்தது 16-ல் 1. ஒன்றாவது கிடைக்கும் என்று 99 சதவீத நம்பிக்கை வேண்டுமானால் 72 செடி நட வேண்டும். பலர் இருபது முப்பது நட்டுவிட்டு, நிறம் நிற்கவில்லை என்று ரகத்தைக் குறை சொல்கிறார்கள். அவர்கள் கணக்கில்தான் தப்பு. கருநீலச் செடி ஒவ்வொன்றின் விதையையும் தனித்தனியாக எடுத்து, குடும்பத்துக்கு 16 செடி நடு. பதினாறும் ஊதாவாக இருந்தால் நிலைத்தது என்று நம்பலாம்; பிரியும் குடும்பம் பதினாறையும் ஊதாவாகக் காட்ட நூற்றில் ஒரு வாய்ப்புதான். சுவைக்காக, கிடைத்த செடியை மீண்டும் பிகேஎம் 1-ஓடு கலந்து பின்கலப்பு செய்தால், ஏடிவி ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு பின்கலப்புக்குப் பிறகும் ஒரு முறை தன்மகரந்தத்தில் விட்டுத் தேடித்தான் ஆக வேண்டும். இரண்டு பருவம் கூடுதல், குறுக்குவழி கிடையாது.

நிறத்தை மட்டும் பார்த்து நாற்றில் தேர்வு செய்யாதே. குளிரிலும் மணிச்சத்துக் குறையிலும் எந்தத் தக்காளி நாற்றும் இலையடியில் ஊதா காட்டும். காய் பச்சையாக இருக்கும்போதே தோலில் நிறம் ஏறிவிடும், அப்போது குறித்துக்கொள். ஒளி பட்ட இடம்தான் கறுக்கும். புல்லி இதழின் நிழல் விழுந்த இடத்தில் நட்சத்திரம் போலப் பச்சை நிற்கும். ஒரு காயில் கறுப்பு டேப் துண்டு ஒட்டிப் பத்து நாள் கழித்து உரி, அந்த இடம் மட்டும் வெளுத்திருக்கும். ஆகவே இலை மூடிய செடியை மட்டம் என்று ஒதுக்காதே. எல்லாச் செடியையும் ஒரே அகலத்தில் கட்டி, புறஊதா வடிக்கும் கூடாரத் தாளுக்கு வெளியே வை. புரட்டாசியில் விதைத்தால் மார்கழி, தையில் நிறமேறும். அந்தக் குளிரும் தெளிந்த வெயிலும் இதற்கு ரொம்பப் பொருந்தும்.

பறிப்பதில்தான் சுவை போகிறது. மேல் பக்கம் கறுத்ததும் பழுத்துவிட்டது என்று பறித்தால் பச்சைக்காய்தான். அடிப்பகுதி சிவக்க வேண்டும், மேலே இருந்த நீல மினுமினுப்பு மங்கிப் பழுப்பு கலந்திருக்க வேண்டும், விரலுக்குச் சற்று நெகிழ வேண்டும். விதைக்கும் அதே பதம். சாறோடு ஒரு நாள் புளிக்க விட்டு அலசு, நம் வெக்கையில் இரண்டு நாள் போனால் முளை வெளிவரத் தொடங்கும்.

அளக்காமல் எண்ணை வெளியே சொல்லாதே. ஒரே பதத்தில் ஐந்து பழம் எடை போட்டு, தோலை உரித்துத் தனியே எடை போடு. ஒரு சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த மெத்தனாலில் இரவு முழுக்க இருட்டில் குளிரவை. வடிகட்டியதை பிஹெச் (அமிலத்தன்மை அளவு) 1.0, பிஹெச் 4.5 கரைசல்களில் தனித்தனியே கலந்து, 20 நிமிடம் கழித்து ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவியில் 520, 700 நானோமீட்டரில் படி. 4.5-ல் ஆந்தோசயனின் நிறம் இழக்கும், அந்த வித்தியாசம்தான் கணக்கு. கடைசியில் முழுப்பழம் 100 கிராமுக்கு எவ்வளவு என்று மாற்று. தோல் கிராமுக்குச் சொன்னால் எண் பெரிதாகத் தெரியும், சாப்பிடுகிறவருக்கு அது பொய். பழத்தின் விட்டம் இரட்டித்தால் எடைக்குத் தோலின் பங்கு பாதியாகும். பெரிய பழம் விலை போகும் என்று ஆசைப்படாதே, நடுத்தர அளவோடு நில்.

சமையலில் தோல் உரித்தால் சத்து குப்பைக்குத்தான். நீரில் கரைவது என்பதால் ரசத்தில் இறங்கும், புளிப்பு அதைக் காக்கும். ஆப்பச்சோடா பட்டால் நிறம் நீலம், பச்சை என்று திரியும். வாங்குகிறவர்களிடம் இதையும் சொல்லிவிடு.

முதல் தலைமுறைக் காய் வந்ததும் தோள்பட்டைப் படம் ஒன்று அனுப்பு. இரண்டாம் தலைமுறையில் எத்தனை நட்டாய், எத்தனை கறுத்தது என்ற எண்ணிக்கையையும் எழுது, கறுத்தது 3-க்கு மற்றது 13 என்ற விகிதம் வருகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சண்முகம்