ஹெட்லைட் லென்ஸில் நிறம் பிரிவது குறித்த புகார்

அனுப்புநர்:
மூக்குக் கண்ணாடிக் கடை உரிமையாளர், தேனி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: எல்இடி ப்ரொஜெக்டர் ஹெட்லைட்டின் டிம் வெளிச்ச விளிம்பில் நீலப் பட்டை, லென்ஸை மாற்றித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

நான்கு மாதத்துக்கு முன் உங்கள் நிறுவனத்தின் எல்இடி ப்ரொஜெக்டர் ஹெட்லைட் ஒரு ஜோடி வாங்கி என் காரில் மாட்டினேன். சாலையில் வெளிச்சம் நன்றாகவே விழுகிறது, அதில் குறை இல்லை. ஆனால் டிம்மில் போட்டால், வெளிச்சம் மேலே வெட்டி நிற்கும் கோட்டில் தடித்த நீலப் பட்டை தெரிகிறது. இதற்காக உங்கள் சேவை மையத்துக்கு இரண்டு முறை போனேன். "நல்ல ப்ரொஜெக்டர்னா அந்த நீலக் கோடு இருக்கும் சார், அதுதான் அடையாளம்" என்று இரண்டு முறையும் அனுப்பிவிட்டார்கள். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை.

மாதத்தில் மூன்று நான்கு இரவு, கண் பரிசோதனை முகாம் முடித்து போடிமெட்டு மலைப்பாதையில் இறங்குகிறேன். மேடுபள்ளத்தில் வண்டி குலுங்கும்போது அந்த விளிம்பு எதிரே வருபவரின் கண்ணில் மேலும் கீழுமாகப் போய்வருகிறது. அவருக்கு என் விளக்கு நீலமும் வெள்ளையுமாக மாறி மாறிப் பளிச்சிடுகிறது. போன மாதம் ஒரு ஜீப்காரர் வளைவுக்கு முன்னால் வண்டியை முழுக்க ஓரம் கட்டி நின்றுவிட்டார். பக்கத்தில் போனதும், "ஆம்புலன்ஸ்னு நினைச்சு ஒதுங்கிட்டேண்ணே" என்றார். அவர் ஒதுங்கிய பக்கம் தடுப்புச் சுவர் கிடையாது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் தொழிலே லென்ஸ்தான். அதனால் நானே சோதித்துப் பார்த்தேன். கடைக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, லென்ஸின் கீழ்ப்பாதியைக் கறுப்பு அட்டையால் சில நொடி மறைத்தேன். நீலம் போய், விளிம்பு செம்மஞ்சளாகிவிட்டது. மேல்பாதியை மறைத்தால் செம்மஞ்சள் போய் நீலம் மட்டும் நின்றது. எல்இடியின் நிறமே கோளாறு என்றால் எந்தப் பாதியை மறைத்தாலும் நீலம் நீலமாகத்தானே இருக்க வேண்டும்? இது லென்ஸில் நடக்கும் நிறப்பிரிகை. நீல ஒளி சிவப்பைவிட அதிகமாக வளைவதால் இரண்டும் வேறு வேறு தூரத்தில் குவிகின்றன. டிம்மில் வெளிச்சம் மேலே போகாமல் மறைக்க உள்ளே இருக்கும் தடுப்புத் தகட்டின் ஓரத்தைத்தான் அந்த லென்ஸ் சாலையில் பிம்பமாகக் காட்டுகிறது; ஒவ்வொரு நிறமும் அந்த ஓரத்தை வேறு இடத்தில் காட்டினால் பட்டை விழத்தான் செய்யும்.

இன்னொன்றும் கவனித்தேன். இடது விளக்கில் நீலம் தடிப்பாக இருக்கிறது; வலது விளக்கில் அதே இடத்தில் லேசான சிவப்பு. லென்ஸுக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள தூரம் கொஞ்சம் மாறினாலே விளிம்பு நிறம் இப்படி மாறும். ஒரே பெட்டியில் வந்த இரண்டு விளக்குகளில் இந்த வித்தியாசம் ஏன்? பொருத்தும் இடத்தில் இதை யாரும் பார்ப்பதில்லையா?

வெளி மூடியைப் போலவே உள் லென்ஸும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்தான் என்று உங்கள் மெக்கானிக்கே சொன்னார். நிறம் எவ்வளவு பிரியும் என்பதை ஆபே எண்ணை வைத்துச் சொல்வோம். எண் குறையக் குறையப் பிரிவு கூடும். பாலிகார்பனேட்டுக்கு அது சுமார் 30. அக்ரிலிக் பிளாஸ்டிக்குக்கும், மூக்குக் கண்ணாடிக்காக நாங்கள் அன்றாடம் அறுக்கும் சிஆர்-39 பிளாஸ்டிக்குக்கும் 58க்குப் பக்கம். பாலிகார்பனேட் லென்ஸ் போட்டுப் போனவர்களில் சிலர், ட்யூப்லைட் ஓரத்தில் நிறம் தெரிகிறது என்று திரும்பி வருவதுண்டு. அதுதான் நல்ல லென்ஸுக்கு அடையாளம் என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை, மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

பாலிகார்பனேட் சூடு தாங்கும், கல் பட்டாலும் உடையாது, சரி. ஆனால் கல் படுவது வெளி மூடியில்தான். உள்ளே இருக்கும் லென்ஸுக்கு அந்த உறுதி எதற்கு? சூடுதான் கவலை என்றால் கண்ணாடி லென்ஸே இருக்கிறது. பாலிகார்பனேட்டையே விடக் கூடாது என்றாலும் வழி உண்டு. லென்ஸ் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அலைகளைச் செதுக்கினால் விளிம்பு கொஞ்சம் மிருதுவாகி நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து வெள்ளையாகும். இரண்டு வேறு பொருட்களைச் சேர்த்து நிறம் பிரியாத லென்ஸ் செய்வதற்கு ஜான் டாலண்ட் லண்டனில் காப்புரிமை வாங்கியது 1758-இல். அப்புறம் இன்றைக்கு இதை முடியாத காரியம் என்று எப்படிச் சொல்வது?

எனக்கு வேண்டியது இதுதான். நிறம் பிரியாத உள் லென்ஸ் கொண்ட ஜோடியை மாற்றித் தாருங்கள். அப்படி ஒன்று உங்களிடம் இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். இந்த மாடலின் டிம் வெளிச்சம் வெட்டுக்கோட்டின் அருகில் என்ன நிறத்தில் இருக்கிறது என்ற சோதனை அறிக்கையின் நகலும் வேண்டும். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

சுவரில் எடுத்த ஆறு படங்களையும், அட்டை வைத்தும் வைக்காமலும் எடுத்த காணொளியையும், ரசீது நகலையும் இணைத்திருக்கிறேன். மலைப்பாதைக்கு இப்போது பழைய ஹாலஜன் விளக்கையே திரும்ப மாட்டிக்கொண்டு போகிறேன். உங்கள் விளக்குகள் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. ஆள் அனுப்பினால் சுவரில் போட்டே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
தேனி.