தூங்குவது ஆள்தான், உடம்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருத்துவப் பக்கத்தில் வந்த மயக்க மருந்துக் கட்டுரையைப் படித்தேன். 'ஊசி போட்டதும் உடம்புக்கு எதுவும் தெரியாது' என்று ஒரு வரி. 26 வருஷம் தர்மபுரிப் பக்கம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக நின்றவள் நான். அதை அப்படியே விட மனசில்லை.

தெரியாமல் போவது ஆளுக்குத்தான். மயக்கம் ஏறியதும் தொண்டைக்குள் பார்க்கும் கருவியான லாரிங்கோஸ்கோப்பால் நாக்கைத் தூக்கி மூச்சுக்குழாய்க்குள் டியூப் இறக்குவார்கள். அங்கே தொட்ட சில நொடியில் உடம்பு மிரண்டு அட்ரினலினைக் கொட்டும். நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்த மானிட்டர் சத்தம் படபடக்கும். தசையைத் தளர்த்தும் ஊசி இதைத் தடுக்காது. ஆள் கட்டை மாதிரி கிடப்பார். இதயம் மட்டும் தொப்பூர் மேடு ஏறும் லாரியாக முக்கும். ஒன்றிரண்டு நிமிஷத்தில் உச்சம், ஐந்து பத்து நிமிஷத்தில் தணிந்துவிடும். இளவட்டத்துக்கு இது ஒன்றுமில்லை. பிரஷர்காரருக்கும் இதய நோயாளிக்கும் அப்படியில்லை.

அதனால்தான் இந்த மிரட்சியை அடக்க, ஃபென்டனில் என்ற வலி மருந்தை முன்கூட்டியே போடுகிறார்கள். அது நன்றாகப் பிடிக்க மூன்று நான்கு நிமிஷம் வேண்டும். சர்ஜன் கையுறை மாட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பார். மயக்க டாக்டர் அசையமாட்டார். எனக்கு அவர்களிடம் பிடித்ததே அந்தப் பொறுமைதான். அதே வேலைக்கு டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மருந்து என்றால் பத்து நிமிஷம் மெதுவாக ஏற்றவேண்டும். மயக்க ஊசிகளிலும் வித்தியாசம் உண்டு. புரொபோஃபால் பிரஷரை இறக்கும். வயசானவர்களுக்குச் சில நேரம் அளவுக்கு மீறியே இறக்கிவிடும். கீட்டமின் நேர் எதிர், ஏற்றும். எல்லாருக்கும் ஒரே ஊசி என்பது கிடையாது.

பாலக்கோட்டிலிருந்து ஓர் அம்மா பித்தப்பைக் கல்லுக்கு வந்திருந்தார். டியூப் இறங்கியதும் பிரஷர் 220ஐத் தொட்டது. எஸ்மலால் என்ற ஊசி போட்டு இறக்கினார்கள். மறுநாள் வார்டில் விசாரித்தால், தினமும் போடும் பிரஷர் மாத்திரையான அட்டினலாலை இரண்டு நாளாக விட்டிருக்கிறார். அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இதயத் துடிப்பு இன்னும் வேகமாகத் திருப்பி அடிக்கும்.

"வெறும் வயித்துல வரச் சொன்னாங்க. டீயே குடிக்கல, மாத்திரை மட்டும் எப்படிம்மா போடறது?" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. கையில் கொடுத்த சீட்டில் சாப்பாட்டைப் பற்றித்தான் எழுதியிருந்தது. பிரஷர் மாத்திரைகளில் சிலவற்றை ஆபரேஷன் அன்று காலை ஒரு வாய் தண்ணீரோடு போடவேண்டும், சிலவற்றை நிறுத்தவேண்டும். எது எது என்று மயக்க டாக்டரிடம் மாத்திரை அட்டையையே காட்டிக் கேளுங்கள் என்று அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள்.

– ஓய்வுபெற்ற செவிலியர், பென்னாகரம்